அறுபதாங் கல்யாணத்துக்கு ஒட்டின முடி

ஏம்மா, நான் எட்டிப் பார்க்கிறேன்னு நினைக்காதே. ஜன்னல் சீட்டை நீ பிடிச்சுட்ட, நான் வெளியே பார்க்கணும்னா உன் போனைத் தாண்டித்தான் பார்க்கணும். அதுல ஒரு பொண்ணு தலையில பட்டை பட்டையா முடியை வச்சு ஒட்டிக்கிட்டே போறாங்களே, அதை நீயும் பண்ணிக்கப் போறியா? திருச்சியிலயா? இன்னைக்கேவா?

ஓ, இன்னைக்குப் பார்த்துப் பேச மட்டும்தானா. ஒட்டுறது அடுத்த வாரமா. நிச்சயதார்த்தமா உனக்கு? நல்லா இரு. மாப்பிள்ளை எந்த ஊரு? சரி, அது இருக்கட்டும். தஞ்சாவூர்ல ஏறினதுலேர்ந்து இன்னைக்கு யார்கிட்டயும் வாயைக் கொடுக்கக் கூடாதுன்னுதான் உட்கார்ந்திருக்கேன். மனசே சரியில்ல எனக்கு. ஆனா இந்த விஷயத்துல பேசாம இருந்தேன்னா அந்தப் பாவம் என்னைத்தான் வந்து சேரும். பட்டவ சொல்றேன், கேட்டுக்க.

இந்த முதல் நாள் பேச்சு இருக்கு பாரு, எல்லாம் அங்கேயே முடிஞ்சு போகுது. உன்னை உட்கார வச்சு, துணியைப் போர்த்தி, தலையைக் கோதிக் கோதிப் பார்த்துக்கிட்டே கேள்வியா கேட்பாங்க. கேட்கிறதுக்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லிடணும். நான் சொன்னேன். அவ ஒழுங்கா கேட்கல, அதுக்கு நான் என்ன பண்றது?

பார்லர்ல பெனிட்டான்னு ஒரு பொண்ணு. என் மக சிவரஞ்சனிதான் கூட்டிட்டுப் போனா. அந்தப் பொண்ணு கேட்டா, "ஆன்ட்டி, தலைக்கு எண்ணெய் வைப்பீங்களா?" எப்பவாவதுன்னு சொன்னேன். தினம் வைக்கிறதுதான், ஆனா அந்த ஏசி அறையில உட்கார்ந்துக்கிட்டு தினம் எண்ணெய் வைப்பேன்னு சொன்னா பட்டிக்காடுன்னு நினைக்க மாட்டாளா? "டை அடிப்பீங்களா?" மருதாணின்னேன். என் மக இருமுனா. "தைராய்டு மாத்திரை ஏதாவது? முடி ரொம்பக் கொட்டுதா?" அதெல்லாம் ஒண்ணுமில்லன்னேன். மறுபடியும் இருமுனா. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஏசி ஒத்துக்காது.

அப்புறம் கேட்டா பாரு ஒரு கேள்வி. "ஒட்டினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாளைக்குத் தலையில தண்ணியே படக் கூடாது ஆன்ட்டி. பசை பிடிக்கணும். நீச்சல், நீராவிக் குளியல் அந்த மாதிரி ஏதாவது இருக்கா?" எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏம்மா, என்னைப் பார்த்தா நீச்சல் குளத்துல குதிக்கிறவ மாதிரியா இருக்குன்னேன். அவளும் சிரிச்சா. நீயே சொல்லு, அபிஷேகம் இருக்கான்னு கேட்டாளா? கேட்டாளா அவ? தலைக்கு எண்ணெய் வச்சு நலங்கு வைப்பாங்களான்னு கேட்டாளா? தமிழ்நாட்டுல கடை வச்சுக்கிட்டு நீச்சலைப் பத்திக் கேட்கிறா!

என்ன விசேஷம்னு அவ கேட்கத்தான் செஞ்சா, அதைச் சொல்லிடறேன். வீட்டுல ஒரு விசேஷம்னு சொன்னேன். அறுபதாங் கல்யாணம்னு சொன்னா என் வயசு தெரிஞ்சு போகாதா? அறுபது அவருக்குத்தான், எனக்கு இல்ல. ஆனா கேட்கிறவங்க அதையெல்லாம் பிரிச்சுப் பார்ப்பாங்களா?

அப்புறம் அவ சொன்னா, "உங்க முடி ரொம்ப மெல்லிசா இருக்கு ஆன்ட்டி, டேப் ஒட்டினா தாங்காது. கிளிப் வச்சது இருக்கு. விசேஷத்தன்னைக்குக் காலையில மாட்டிட்டு சாயங்காலம் கழட்டிடலாம்." எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. மாட்டிக் கழட்டுறதுன்னா என்ன? சவுரிதானே? சவுரிக்கு ஒரு கிளிப்பை மாட்டிட்டா அது சவுரி இல்லன்னு ஆயிடுமா? கிளிப் வேண்டாம், ஒட்டுறதுதான் வேணும்னு பிடிவாதமா சொல்லிட்டேன்.

சவுரின்னா எனக்கு ஏன் ஆகாதுன்னு கேளு. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி எனக்கு டைபாய்டு. பிழைச்சதே பெரிசு. முடியெல்லாம் கொத்துக் கொத்தா கையோட வந்துடுச்சு. எங்கம்மா நல்ல நீளச் சவுரியா வாங்கி, வச்சுப் பின்னி, அதுமேல ஜடை நாகம், பூ எல்லாம் தைச்சு மணவறையில உட்கார வச்சாங்க. தாலி கட்டுற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. சாயங்காலம் பூவை எடுக்கணும்னு என் நாத்தனார் வந்தாங்க. தனபாக்கியம்னு பேரு, இவருக்கு மூத்தவங்க. பூவைப் பிடிச்சு இழுத்தாங்க, மொத்தமும் கையோட வந்துடுச்சு. வந்தா என்ன பண்ணணும்? பேசாம ஒரு பைக்குள்ள போடணுமா இல்லையா? அந்த மகராசி அதை அப்படியே கையில தொங்கவிட்டுக்கிட்டுக் கூடத்துக்குப் போயி, அத்தனை சம்பந்தி வீட்டு ஜனத்துக்கு நடுவுல நின்னு, "பொண்ணோட முடி, இதை எங்க வைக்கிறது?"ன்னு கேட்டாங்க.

சிரிச்சாங்க பாரு ஜனங்க! நான் அறைக்குள்ள, கதவுக்குப் பின்னாடி. கழுத்துல ஈரம் காயாத தாலி. தலையில எலிவால்.

எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணார்னு கேட்கிறியா? அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்தின்னு பேரு, எல்லாரும் மூர்த்தி மூர்த்திம்பாங்க. அத்தனை பேரும் சிரிக்கிறாங்க, அக்கா கையில பொண்டாட்டி முடி தொங்குது, மனுஷன் வெத்தலை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். கதவிடுக்குல நான் பார்த்தேன். அக்கா, அதை உள்ள கொண்டு போய்க் கொடுன்னு ஒரு வார்த்தை. சொல்லலையே. அந்த மனுஷன் அப்பவும் சரி இப்பவும் சரி, எதுக்கும் வாயைத் திறக்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். நல்லவர்னு ஊர்ல பேரு. சும்மா இருந்தா நல்ல பேரு வராம என்ன வரும்?

அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும், நாத்தனார் என் தலையைப் பார்க்காம இருந்ததே இல்ல. வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பார்ப்பாங்க. அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?

அதனாலதான் சொல்றேன், இந்த அறுபதாங் கல்யாணத்துக்கு அவங்க கண்ணு முன்னாடி நான் இடுப்பு வரைக்கும் பின்னலோட உட்காரணும், இழுத்தா வராத பின்னலோட உட்காரணும்னு ஒரு வெறி. ஆமா, வெறிதான். வேற எதுவும் கேட்கல நான். புதுத் தாலி கேட்கல, பட்டுப்புடவை கூட மகளாப் பார்த்து எடுத்ததுதான்.

சரி, ஒட்டுறதுக்கு வரேன். உனக்கு உபயோகமா இருக்கும். முதல் நாளே தலையை நல்லா அலசிக் காய வச்சுட்டு வரச் சொல்லுவாங்க. கண்டிஷனர் கிண்டிஷனர் எதுவும் கூடாது, எண்ணெய் அறவே கூடாது. பசைக்கும் எண்ணெய்க்கும் ஆகவே ஆகாதாம். ஒட்டினதைப் பிரிக்கணும்னாலே ஏதோ எண்ணெயைத்தான் தடவுவாங்களாம். நான் அலசிட்டுத்தான் போனேன். காலையில மட்டும் உச்சியில ஒரு சொட்டு. சீப்பு இறங்கணுமே. ஒரு சொட்டெல்லாம் ஒரு எண்ணெயா?

ஒரு வளையத்துல கொத்துக் கொத்தா முடி மாட்டி வச்சிருப்பா, உன் காதோரம் வச்சு நிறம் பார்ப்பா. அதை வாசல்ல வெயில்ல கொண்டு வந்து பார்க்கச் சொல்லு. உள்ள விளக்கு வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். அப்புறம் பொறுமையா உட்காரணும். உன் முடியில மெல்லிசா ஒரு கீத்து எடுத்து, கீழே ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை, நடுவுல உன் முடி, வச்சு அழுத்திடுவா. இப்படியே வரிசையா. எனக்கு முதுகு விட்டுப் போச்சு. அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தலையை யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கும், பயந்துடாதே.

முடிஞ்சதும் நாற்காலியைத் திருப்பினா. பொய் சொல்லுவானேன், நான் அழுதுட்டேன். இடுப்பைத் தாண்டி, கறுகறுன்னு. பதினாறு வயசுல எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. பெனிட்டா பயந்துட்டா, வலிக்குதா ஆன்ட்டின்னு கேட்டா. வலிக்கலடி போன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். காலையில கழுத்து வரைக்கும் முடியோட போன பொண்டாட்டி சாயங்காலம் இடுப்பு வரைக்கும் முடியோட வந்து நிக்கிறா. கதவைத் திறந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? "பஸ்ல கூட்டமா?" அவ்வளவுதான். நான் பின்னலைத் தூக்கி முன்னாடி போட்டுக்கிட்டேன். பின்னாடி தள்ளினேன். கொத்தமல்லி வாங்கலையான்னு கேட்டார். நான் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டேன். சிவரஞ்சனிகிட்ட போன்ல புலம்புனா, "அப்பாதானேம்மா, விடு"ங்கிறா. விட்டு விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு.

மறுநாளே திருக்கடையூர். ஆமா, மறுநாளே. ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டியிருக்கலாம்தான், நாத்தனார் ஒரு நாள் முன்னாடி வீட்டுக்கு வந்து தங்கி, கிட்டத்துல உட்கார்ந்து பார்த்துட்டாங்கன்னா? அதனால கடைசி நாள் வச்சுக்கிட்டேன். அபிஷேகம் இருக்குன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்கிறியா? தெரியும். சல்லடையைத் தலைக்கு மேல பிடிச்சு, அதுலதானே கலசத் தண்ணியை ஊத்துறாங்க, தூத்தலா விழும், பொம்பளைங்களுக்கு இன்னும் கொஞ்சம் பார்த்து ஊத்துவாங்கன்னு நினைச்சேன். சாமி காரியத்துல நமக்குக் கெடுதல் வராதுன்னு ஒரு நம்பிக்கை.

முதல்ல நலங்கு. மூத்த சுமங்கலி அருகம்புல்லால எண்ணெயைத் தொட்டு உச்சியில வைக்கணும். யாரு மூத்த சுமங்கலி? இவங்கதான், தனபாக்கியம். புல்லு எண்ணெயைத் தொட்டமா வச்சமான்னு இல்லாம, கிண்ணத்தையே சாய்ச்சு உள்ளங்கையில எடுத்து, "மங்கை, ரெண்டு நாளா அலைஞ்சிருப்பே, சூடு தணியட்டும்"னு உச்சியில வச்சுத் தேய்ச்சாங்க பாரு. மங்கையர்க்கரசின்னு என் பேரு, அவங்க ஒருத்தங்கதான் இன்னும் மங்கைன்னு கூப்பிடுவாங்க. போதும் அண்ணி, போதும் அண்ணிங்கிறேன். "அட, இருடி"ன்னு காதோரம் வரைக்கும். மங்கல எண்ணெயை வேண்டாம்னு தட்டி விட முடியுமா? கணவனுக்கு ஆயுசு வேண்டி வைக்கிறது. வேணும்னே செஞ்சாங்கன்னு சொல்றேன் நான். என் மக இல்லங்கிறா.

அப்புறம் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல பலகையில உட்கார வச்சாங்க. சிவாச்சாரியார் மந்திரம் சொல்றார், நாயனக்காரர் வெளுத்து வாங்குறார், சொந்தக்காரங்க வரிசையா வந்து கலசத்தை எடுத்து ஊத்துறாங்க. தூத்தலாவது ஒண்ணாவது! மடார் மடார்னு விழுது. முதல் ரெண்டு மூணு கலசம் தாங்கிச்சு. அப்புறம் காதுக்கு மேல ஏதோ வழுக்குற மாதிரி இருந்துச்சு. பூரான் ஊர்ற மாதிரி. எனக்குப் புரிஞ்சு போச்சு. கையைத் தூக்கிப் பிடிக்கலாம்னா, கூப்பின கையைப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் சிவாச்சாரியார். எதிர்ல போட்டோக்காரர். அடுத்துக் கலசத்தோட வந்து நிக்கிறது யாரு? நாத்தனார். என் தலையைத்தான் பார்க்கிறாங்க.

அப்போ என் தலையில சடார்னு ஒரு கை.

இவருதான். பக்கத்துல உட்கார்ந்திருந்த மனுஷன், வலது கையைத் தூக்கி, என் காதுக்கு மேல வச்சு, ஒட்டின மாதிரி அழுத்திக்கிட்டார். அழுத்தின அழுத்துல என் கழுத்தே சாஞ்சு போச்சு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஏங்க, கையை எடுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க"ங்கிறேன். எடுக்கல. சிவாச்சாரியார் மந்திரத்தை நிறுத்திட்டு, "ஐயா, கையை எடுங்கோ, தீர்த்தம் அம்மா தலையில படணும்"ங்கிறார். "படுது சாமி, நீங்க ஊத்துங்க"ங்கிறார் இவரு. நாத்தனார், "ஏன்டா தம்பி, என்னடா ஆச்சு அவளுக்கு?"ன்னு கிட்ட வந்தாங்க. இவரு சத்தமா, சபைக்கே கேட்கிற மாதிரி, "அக்கா, கிட்ட வராதே. அவளுக்குத் தலை சுத்துது. அங்கேயே நின்னு ஊத்து"ன்னுட்டார்!

தலை சுத்துதாம்! எனக்கு! அத்தனை வருஷத்துல சபையில வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், பேசினதே பொய். கல்லு மாதிரி இருக்கிறவளை நோயாளியாக்கிட்டார். உடனே ஒருத்தி விசிறுறா, ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மோந்து பாருங்கிறா. இன்னைக்கு வரைக்கும் சொந்தத்துல யார் போன் பண்ணாலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுறியாங்கிறாங்க.

இன்னொண்ணு சொல்றேன், கேளு. அந்த வலது கையை அவரால தூக்கவே முடியாது. தோள்பட்டை இறுகிப் போச்சுன்னு ஒரு வருஷமா வைத்தியம். சட்டை மாட்டணும்னா நான்தான் கையைப் பிடிச்சு விடணும். தேங்காய் துருவச் சொன்னா தோள், துணி காயப்போடச் சொன்னா தோள். அன்னைக்கு மட்டும் எப்படித் தூக்குச்சு? கடைசிக் கலசம் வரைக்கும் இறக்கவே இல்லையே! அப்போ ஒரு வருஷமா நடிப்புதானே? நான் கேட்டேன், நேரா கேட்டேன். மாட்டி விடுன்னு சட்டையை எடுத்து நீட்டுறார்.

அபிஷேகம் முடிஞ்சும் விடல. குடத்தைப் பிடிச்ச மாதிரி என் தலையைப் பிடிச்சுக்கிட்டே அறை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனார். பின்னாலயே சிரிப்பு. "இந்த வயசுல பாருடி"ன்னு எவளோ சொல்றா. கதவைச் சாத்தினதும் கையை எடுத்தார், பட்டை ரெண்டு சேர்ந்து வந்துச்சு. அதுக்கு முன்னாடியே ரெண்டு விழுந்திருக்கு, எனக்கே தெரியாது. அதையெல்லாம் எப்போ எடுத்தாரோ, ஈர வேட்டி மடிப்புலேர்ந்து ஒண்ணு ஒண்ணா எடுத்து, தண்ணியைப் பிழிஞ்சு, என் கையில வச்சார். நான் கத்தினேன். ஊரே பார்த்துச்சு, மானம் போச்சு, உங்க அக்கா பார்த்தாங்கன்னு கத்தினேன். "யாரும் பார்க்கல"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் தைலம் இருக்கான்னு கேட்டார். நான் இருக்கிற முடியைக் கொண்டை போட்டுப் பூவால மூடுவேனா, இவருக்குத் தைலம் தேய்ப்பேனா?

இப்போ வரைக்கும் அந்தக் கையைத் தூக்க மாட்டேங்கிறார். டாக்டர் ரெண்டு மாசம் ஆகும்னாராம். நடிப்பு இன்னும் முடியல.

அத்தோட விட்டுச்சா? போட்டோ வந்துச்சு. நூத்துக்கணக்குல எடுத்திருக்கார் ஸ்டுடியோக்காரர். அபிஷேகப் படம் ஒவ்வொண்ணுலயும் என் தலையில இவரு கை. என் முடி எங்க? தெரியல. பாதி முகமே தெரியல. நான் கண்ணை மூடிக்கிட்டு உர்ருன்னு இருக்கேன், இவரு நேரா என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கார். போட்டோக்காரரைப் பார்க்கணும்னு கூடத் தெரியல மனுஷனுக்கு. அதைப் போய் என் மக வாட்ஸப்ல வச்சுட்டா. ஊர்ப்பட்ட ஜனம் ஹார்ட்டா அனுப்புது. நாத்தனார்கிட்டேர்ந்தும் ஒரு ஹார்ட்டு. என்னத்துக்கு ஹார்ட்டு? என்ன குத்தல் பாரு! ஆல்பத்துக்கு அட்டையிலயும் இந்தப் படத்தைத்தான் போடணும்னு மக ஒரே பிடிவாதம்.

நானும் விடல. திருச்சி ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, அந்தக் கையை எடுத்துட்டு அங்க முடி வைக்க முடியுமான்னு கேட்டேன். தாராளமா வைக்கலாம்மா, கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலைன்னார். நேத்து அனுப்பிட்டார். இதோ பாரு. நல்லா பாரு. எப்படி இருக்கு?

நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவே. எனக்கும் தெரியுது. இடுப்பைத் தாண்டிப் பின்னல், கறுகறுன்னு, ஒரு பிசிறு இல்ல. நான் ஆசைப்பட்டது இதுதான். நாத்தனார் பார்த்தா வாயடைச்சுப் போவாங்க. நேத்து சாயங்காலம் முழுக்க இதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கை இல்லையா, அவரு பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கார். எப்பவும் போல. அந்த அத்தனை ஜனத்துக்கு நடுவுல நான் தனியா உட்கார்ந்து நனையிறேன்.

அதான் நேர்ல போயிட்டு இருக்கேன். போன்ல சொன்னா அந்த ஆளுக்குப் புரியல, நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மாங்கிறார். கையைத் திருப்பி வைங்கன்னு நின்னு வாங்கிட்டு வரணும். அந்தக் கையில மோதிரம் இருக்கு பாரு, அன்னைக்குன்னு புதுசா செஞ்சு போட்டது, அது படத்துல தெரியணும் இல்லையா. அதுக்காகத்தான். சிரிக்காதேம்மா, வேற ஒண்ணுமில்ல.